எந்தத் தமிழைச் சொல்லிக் கொடுக்கிறது?

தமிழே தெரியாத ஒருத்தர் வந்து "எனக்குத் தமிழ் கத்துக் கொடுங்க"ன்னு கேட்டா எந்தத் தமிழைக் கத்துக் கொடுப்பீங்க? சின்னக் கேள்விதான். ஆனா நாலு தமிழர் கூடின இடத்துல கேட்டுப் பாருங்க, அஞ்சு பதில் வரும். (அஞ்சாவது பதில்: "அதெல்லாம் எதுக்குங்க, இங்கிலீஷ்லயே பேசிக்கலாமே" :-))

உதாரணத்துக்கு ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்குவோம். "வந்துகொண்டிருக்கிறேன்". புத்தகத்துல இப்படித்தான் இருக்கும். இதை இப்படியே வாயைத் திறந்து சொல்றவங்க தமிழ்நாட்டுல யாரு? மேடைப் பேச்சாளர்கள், செய்தி வாசிக்கிறவங்க, அப்புறம் பழைய சரித்திர நாடகத்து ராஜாக்கள். மத்த ஜனங்க என்ன சொல்றாங்க? மதுரை, திருச்சி பக்கம் "வந்துக்கிட்டு இருக்கேன்". காலேஜ் பசங்க அதையும் சுருக்கி "வந்துட்டு இருக்கேன்". மயிலாப்பூர் மாமி "வந்துண்டு இருக்கேன்". ராயபுரத்துக்காரர் "வந்துகினு கீறேன்". யாழ்ப்பாணத்துக்காரர் "வந்துகொண்டிருக்கிறன்". நல்லாப் பாருங்க, எல்லாத்துக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கிறது ஒரே "கொண்டு"தான். அது "கிட்டு" ஆச்சு, "ண்டு" ஆச்சு, "கினு" ஆச்சு. யாழ்ப்பாணத்துல மட்டும் முழுசா அப்படியே நிக்குது.

நமக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பொறந்ததுலேர்ந்து காதுல விழுந்துக்கிட்டே இருக்கிறதால எவன் எப்படிச் சொன்னாலும் புரிஞ்சிடும். புதுசா வர்றவங்களுக்கு இது அஞ்சு தனித்தனி பாஷை.

இதை உக்காந்து யோசிக்க வேண்டி வந்ததுக்குக் காரணம், எங்க ஃப்ளாட்டுல மேல் மாடியில குடியிருக்கிற மணிப்பூர்ப் பொண்ணு. நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். இங்கிலீஷ் தெரியும், ஹிந்தி தெரியும், தாய்மொழி மெய்தி. தமிழ் கத்துக்கணும்னு ரொம்ப ஆசை. ஆசைன்னு சொல்றது தப்பு, அவசியம். ராத்திரி டூட்டியில வார்டுல இருக்கிற பேஷண்டுகள்ல பாதிப் பேருக்குத் தமிழைத் தவிர வேற எதுவும் தெரியாது. எங்க வீட்டுக்கார அம்மாகிட்ட கேட்டிருக்கா, அவங்க "எங்க வீட்டுல ஒருத்தர் பொழுது போகாம எழுதிக்கிட்டு இருக்கார், அவர்கிட்ட கேளு"ன்னு என்னைக் கை காட்டி விட்டுட்டாங்க.

அவகிட்ட ஏற்கெனவே முப்பது நாள்ல தமிழ் கத்துக்கிற மாதிரி ஒரு புத்தகம் இருந்தது. அதை வெச்சு அவளாவே பாடம் பண்ணியிருக்கா. "தங்களுக்கு என்ன வேண்டும்?", "எனக்கு வயிற்றுப்போக்கு உள்ளது", "என் உடல்நலம் சரியில்லை". இலக்கணத்துல குத்தமே சொல்ல முடியாது. ஆனா வார்டுல என்ன நடக்குது? பேஷண்ட் "வயித்தால போகுதும்மா"ங்கறார். புத்தகத்துல தேடினா "போகுது"ன்னா நகர்றது. வயித்து வழியா எது நகருது?

அவ குறிச்சு வெச்சிருந்த நோட்டைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல, காதுல விழுந்த மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு தனிக் கதை.

"மேலு வலிக்குது"ன்னு ஒரு பாட்டி சொல்லியிருக்காங்க. "மேல்"னா மேல் மாடின்னு தெரியும், அதனால தலைன்னு நினைச்சுக்கிட்டா. தெக்கத்திப் பக்கம் மேலுன்னா உடம்பு. "மேலுக்கு முடியல"ன்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்.

"சூடு பிடிச்சுக்கிச்சு"ன்னார் ஒருத்தர். இவ தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டு ஓடியிருக்கா. அவர் சொன்னது ஒண்ணுக்குப் போறப்ப எரியற நீர்க்கடுப்பை.

"சளி பிடிச்சிருக்கு"ன்னா ஜலதோஷம். ஆனா "எனக்கு இந்தப் பாட்டு பிடிச்சிருக்கு"ன்னு அவ ஏற்கெனவே கத்துக்கிட்டவ. "தமிழ்க்காரங்களுக்கு சளி பிடிக்குமா அங்கிள்?"னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல!

"நெஞ்சு கரிக்குது" கதை மட்டும் சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. சாதாரணமா அது புளிச்ச ஏப்பம், அசிடிட்டி சமாச்சாரம். ஆனா அதையே "நெஞ்சு அடைக்குது"ன்னு சொன்னா டாக்டரைக் கூப்பிட ஓடணும். ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கிறது ஒரு உயிரா இருக்கலாம். எந்தத் தமிழ் கத்துக்கணும்ங்கிற கேள்விக்கு அவளைப் பொறுத்தவரை அவ்வளவு கனம் இருக்கு.

சரி, ஒரு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில அசோசியேஷன் கூட்டம். தண்ணி லாரி கணக்கெல்லாம் முடிஞ்சதும் இந்தப் பேச்சை எடுத்தேன். அவ்ளோதான், பத்திக்கிச்சு.

ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருத்தர் ரெண்டாவது மாடி. அவர் சொன்னது: "எழுத்துத் தமிழ்தான் எல்லாருக்கும் பொது. நெல்லைக்காரன் எழுதினாலும் கோவைக்காரன் எழுதினாலும் யாழ்ப்பாணத்துக்காரன் எழுதினாலும் ஒண்ணுதான். அதைச் சொல்லிக் கொடுங்க, மத்தது தானா வந்துடும். கொச்சையைப் பாடமா வைக்கிறது அநியாயம்."

மளிகைக்கடை அண்ணாச்சி, பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். "எங்கூர்த் தமிழு என்ன கொறைஞ்சு போச்சு? தமிழ் பொறந்ததே பொதிகை மலையிலதானய்யா"ன்னார். கோயமுத்தூர்லேர்ந்து மாத்தலாகி வந்தவர், "மரியாதையா பேசக் கத்துக்கணும்னா எங்க பக்கத்துத் தமிழுங்க"ன்னார். அவர் சொன்னதுலயே "ங்க" ரெண்டு தடவை வந்துடுச்சு. கீழ் வீட்டு மாமி, "எந்தத் தமிழோ, ழகரம் மட்டும் சரியா வரணும்"னாங்க. வாட்ச்மேன் தாத்தா மட்டும் கடைசியில மெதுவா, "அந்தப் பொண்ணு வேலை பாக்கறது இங்க, பேஷண்டும் இந்த ஊரு ஆளுங்க, அப்ப இங்க பேசறதைத்தானே கத்துக்கணும்?"னார்.

இதுல ஒருத்தர் சொன்னதையும் அப்படியே தள்ளிட முடியாது. அதனால கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம், நமக்கு முன்னாடி இந்தக் கேள்வியை யாரெல்லாம் எதிர்கொண்டாங்கன்னு.

முதல் ஆள் தொல்காப்பியர். செந்தமிழ் நிலம்னு ஒண்ணு, அதைச் சுத்தி பன்னிரண்டு நிலம், அங்கேருந்து வர்ற சொற்கள் திசைச்சொல்னு சொல்றார். அந்தச் செந்தமிழ் நிலம் எது? பழைய உரைகள்ல எல்லை சொல்லியிருக்கு: வையை ஆத்துக்கு வடக்கே, மருத ஆத்துக்குத் தெற்கே, கருவூருக்குக் கிழக்கே, மருவூருக்கு மேற்கே. இந்த எல்லையை வரைபடத்துல போட்டா, நெல்லை அவுட், கொங்குல பெரும்பகுதி அவுட், யாழ்ப்பாணம் அவுட், நம்ம குரோம்பேட்டை சுத்தமா அவுட். மீனாட்சி அம்மன் கோயிலே வைகைக்குத் தென்கரையில இருக்கிறதால மதுரைக்காரங்களும் ரொம்ப மீசையை முறுக்க முடியாது :-)

ஆனா பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. தொல்காப்பியர் திசைச்சொல்லைத் துரத்தி விடலை. செய்யுள் செய்யறதுக்கான சொற்கள் நாலு வகைன்னு சொல்றப்ப, இயற்சொல், திரிசொல், வடசொல்லோட திசைச்சொல்லையும் சமமா உக்கார வைக்கிறார். உரைகாரர்கள் உதாரணமும் தர்றாங்க. குட்டநாட்டார் தாயைத் "தள்ளை"ன்னும் பூழிநாட்டார் நாயை "ஞமலி"ன்னும் சொல்வாங்களாம். "தள்ள" இன்னிக்கும் மலையாளத்துல இருக்கு. "கொச்சை"ன்னு மூக்கைச் சுளிக்கிறவங்க, இலக்கணத்தோட பழைய பக்கங்களை இன்னொரு தடவை பார்க்கிறது நல்லது.

இதெல்லாம் தமிழ் தெரிஞ்சவங்களுக்கு எழுதின இலக்கணம். புதுசா கத்துக்க வந்தவங்களுக்காக எழுதினது யாரு? கடல் தாண்டி வந்த பாதிரியார்கள். அன்ட்ரிக் அடிகளார்னு நாம சொல்ற போர்ச்சுகீசியர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், 1549 வாக்குல போர்ச்சுகீசிய மொழியில ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அவர் வேலை பார்த்தது முத்துக்குளித்துறை, பழகினது பரதவ மக்களோட. அதனால அவர் பதிவு பண்ணினது அந்தக் கடற்கரைப் பேச்சு. எந்தத் தமிழ் உசத்தின்னு அவர் கமிட்டி போடலை. யாரோட பேசணுமோ அவங்க தமிழைக் கத்துக்கிட்டார். எங்க வாட்ச்மேன் தாத்தா சொன்னதும் இதேதானே!

அடுத்தது வீரமாமுனிவர். தேம்பாவணி எழுதினவர். செந்தமிழுக்குத் தனியா ஒரு இலக்கணம், கொடுந்தமிழுக்குத் தனியா ஒரு இலக்கணம்னு லத்தீன்ல ரெண்டு எழுதினார். கொடுந்தமிழ்னு அவர் சொன்னது அன்றாடம் புழங்கற தமிழை. அந்தப் புத்தகம் 1738ல தரங்கம்பாடி அச்சகத்துல அச்சாச்சு. இவர் கத்தோலிக்க ஏசுசபை, அச்சகமோ போட்டி முகாமான லுத்தரன் மிஷனோடது. சமயத்துல முட்டிக்கிட்டவங்க கூட, தமிழ் கத்துக்கிற விஷயத்துல ஒரே புத்தகத்துக்கு வந்து சேர்ந்தாங்க. 1855ல ஜி.யு.போப் போட்ட கையேடும் பொதுவழக்குத் தமிழுக்கானதுதான். திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல கொண்டு போனவர் அவர். இலக்கியத் தமிழ் தெரியாம பேச்சுத் தமிழைத் தூக்கிப் பிடிச்சவங்கன்னு இவங்க ரெண்டு பேரையும் யாரும் சொல்ல முடியாது.

ஆக, பேச்சுத் தமிழ்ல ஆரம்பிக்கணும்ங்கறது புதுசா யாரோ கிளப்பிவிட்டது இல்லை. ஆனா எந்தப் பேச்சு?

இதுக்கு நவீன காலத்துல பதில் சொன்னவர்ல முக்கியமானவர் ஹரால்டு ஷிஃப்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1999ல பேச்சுத் தமிழுக்கு ஒரு முழு இலக்கணம் எழுதினார், கேம்பிரிட்ஜ் வெளியீடு. அவர் சொல்றதோட சாரம் இது: தமிழ்நாட்டுல ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் தானாவே உருவாகிக்கிட்டு இருக்கு. யாரும் சட்டம் போடலை, அகராதி போடலை. வேற வேற ஜாதி, வேற வேற ஊர்க்காரங்க சேர்ந்து படிக்கிற, வேலை பார்க்கிற இடத்துல ஒருத்தருக்கொருத்தர் பேசறப்ப தங்களோட ஊர் வாசனையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறாங்க. படிச்ச, பிராமணரல்லாதார் பேச்சை ஒட்டி அமைஞ்ச அந்தத் தமிழ்தான் பொதுத் தமிழாகுது. சினிமாவும் ரேடியோ நாடகமும் அதை ஊர் ஊராக் கொண்டு போச்சு. 2002ல ஆஷரும் அண்ணாமலையும் சேர்ந்து ரௌட்லெட்ஜ் வெளியீடா கொண்டு வந்த பேச்சுத் தமிழ்ப் பாடப்புத்தகமும் ஏறக்குறைய இதே பாதையில போனதுதான்.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம ஏரியாதான் ஞாபகம் வந்தது. குரோம் தோல் தொழிற்சாலையால பேர் வாங்கின ஊர் இது. இன்னிக்கு (2021லேர்ந்து) தாம்பரம் மாநகராட்சியில ஒரு பகுதி. ஜி.எஸ்.டி. ரோடு வழியா தெக்கத்திச் சீமையிலேர்ந்து பிழைக்க வந்தவங்க, நகரத்துக்குள்ள வாடகை கட்டுப்படியாகாம இந்தப் பக்கம் வந்து மனை வாங்கினவங்கன்னு எல்லா ஜில்லாவும் இங்க இருக்கு. எம்.ஐ.டி.யில படிக்கிற பசங்க வேற. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்க. பழைய மிக்ஸிக்குப் பேரம் பேசற ராமநாதபுரத்துக்காரரும் விக்கிற வட சென்னைக்காரரும் என்ன தமிழ் பேசிக்கிறாங்கன்னு காதைக் கொடுத்துக் கேளுங்க. அவர் "வேணும்ணே"ங்கறதைக் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார், இவர் "இன்னா"வைக் கொஞ்சம் "என்னா"வா மாத்துவார். நடுவுல ஒரு தமிழ் உருவாகும். பொதுத் தமிழ்னா அதுதான். யாரோட வீட்டுத் தமிழும் இல்லை, ஆனா எல்லாருக்கும் புரியும்.

இதுல ஒரு அநியாயமும் இருக்கு, அதைச் சொல்லாம தாண்டக் கூடாது. பொதுத் தமிழ்ல எந்த ஊர் வாசனை தங்குது, எது கழண்டு போகுதுங்கறதை மொழியியல் முடிவு பண்றதில்லை. அந்தஸ்து முடிவு பண்ணுது. "வந்துக்கிட்டு"க்கும் "வந்துகினு"க்கும் இலக்கணப்படி ஒரு வித்தியாசமும் கிடையாது, ரெண்டுமே "கொண்டு"வோட தேய்மானம். ஆனா ஒண்ணு "பேச்சு வழக்கு", இன்னொண்ணு "லோக்கல் பாஷை". பேசற ஆள் எந்தத் தெருவுல இருக்கார்ங்கறதை வெச்சு வார்த்தைக்கு மார்க் போடறோம். ஒரு காலத்துல, ஆரம்ப காலப் பேசும்படங்கள்ல பிராமணத் தமிழ் கொடி கட்டிப் பறந்தது. அப்புறம் 1952ல பராசக்தி வந்தப்ப அடுக்குமொழி. 1977ல பதினாறு வயதினிலேக்கு அப்புறம் கிராமத்துப் பேச்சு. எது பொதுங்கறது காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டேதான் இருக்கு.

அடுத்த சிக்கல் கடல் தாண்டி. "பொதுப் பேச்சுத் தமிழ்"னு நாம சொல்றது தமிழ்நாட்டுக்குத்தான் பொது. ஈழத்துக்காரங்களுக்கு அது பொது இல்லை. அங்க "வருத்தம்"னா உடம்புக்கு முடியாம இருக்கிறது. "அவருக்கு வருத்தம்"னு சொன்னா நாம "என்ன சோகமோ"ன்னு நினைப்போம், அவங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. தலைவலி அங்க "தலையிடி", வாந்தி "சத்தி", ஜலதோஷம் "தடிமன்". பேசறது "கதைக்கிறது", அழகு "வடிவு". டொரண்டோவுலயோ லண்டன்லயோ வளர்ற ஒரு குழந்தைக்கு எதுக்குத் தமிழ் வேணும்? முதல் காரணம் அம்மம்மாவோட கதைக்கிறதுக்கு. அந்தக் குழந்தைக்குச் சென்னை சினிமாத் தமிழைப் பாடமா வெச்சா, அம்மம்மா பேசறது ஏதோ தப்பான தமிழ்னு அது நினைச்சுக்கும். மொழி கத்துக் கொடுக்கிற பேர்ல உறவை வெட்டின மாதிரி. பிரிட்டிஷ் இங்கிலீஷ், அமெரிக்க இங்கிலீஷ்னு ரெண்டு இருந்தும் உலகம் முழுகிப் போயிடலை. தமிழுக்கும் ரெண்டு பொதுப் பேச்சு இருக்கிறதுல ஒரு கேடும் இல்லை.

இந்த விஷயத்துல பேசிக்கிட்டே இருக்காம, உள்ளே இறங்கின ஒரே அரசாங்கம் எனக்குத் தெரிஞ்சு சிங்கப்பூர்தான். அங்க தமிழ் ஆட்சிமொழி, பள்ளிக்கூடத்துல பாடம். ஆனா பசங்க வீட்டுல இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சிட்டாங்க. 2020 கணக்கெடுப்புப்படி, வீட்டுல அதிகமாப் பேசற மொழி தமிழ்னு சொன்னவங்க அஞ்சு வயசுக்கு மேற்பட்ட மக்கள்தொகையில 2.5 சதவீதம், இங்கிலீஷ் 48.3 சதவீதம். வீட்டுல தமிழ் கேட்காத பிள்ளை வகுப்புக்கு வந்து எழுத்துத் தமிழை மட்டும் படிச்சா என்ன ஆகும்? பரீட்சை எழுதும், பேசாது. "எனக்குப் பசிக்கிறது"ன்னு அட்சரசுத்தமாச் சொல்லிட்டு, சக தமிழன் முகத்துல வர்ற சிரிப்பைப் பார்த்து அடுத்த வாக்கியத்தை இங்கிலீஷ்ல ஆரம்பிக்கும். 2005ல கல்வி அமைச்சகத்தோட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள்ள கொண்டு வரணும்னு பரிந்துரை பண்ணினதுக்கு இதுதான் பின்னணி. படிச்சவங்க பொது இடத்துல பேசற தமிழைப் பேசவும் கேட்கவும், எழுத்துத் தமிழைப் படிக்கவும் எழுதவும்னு பிரிச்சுக்கிட்டாங்க. எதிர்ப்பு இல்லாமலா? "தமிழைக் கெடுக்கறாங்க"ன்னு குரல்கள் வரத்தான் செஞ்சது. ஆனா பேச ஆளே இல்லாத மொழியைச் சுத்தமா வெச்சிருந்து யாருக்கு என்ன லாபம்?

ஒரு மொழிக்கு இது எவ்வளவு தூரம் போகும்னு தெரியணும்னா அயர்லாந்தைப் பார்க்கலாம். ஐரிஷ் மொழிக்கு முக்கியமா மூணு வழக்கு: வடக்கே அல்ஸ்டர், மேற்கே கொனாக்ட், தெற்கே மன்ஸ்டர். "எப்படி இருக்கே?"ன்னு கேட்கிறதே மூணுலயும் மூணு விதம். மன்ஸ்டர்ல கேட்கிற வாக்கியத்துக்கும் அல்ஸ்டர்ல கேட்கிற வாக்கியத்துக்கும் முதல் வார்த்தையே வேற. 1958ல அரசாங்கம் ஒரு பொதுத்தரம் வெளியிட்டது. எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் அது உதவிச்சு. ஆனா அது யாரோட தாய்மொழியும் இல்லை. எந்த வழக்கைக் கத்துக்கிறதுன்னு புதுசா வர்றவங்க இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. பள்ளிக்கூட ஐரிஷை வெச்சுக்கிட்டு அந்த மொழி பேசற கிராமத்துக்குப் போனா, ஊர்க்காரர் இங்கிலீஷ்ல பதில் சொல்றார்னு புலம்பறவங்களும் உண்டு. கேட்ட மாதிரி இருக்கா? நாமளும் அதைத்தானே பண்றோம்! ஒரு வடக்கத்திப் பையன் தட்டுத் தடுமாறித் தமிழ்ல கேட்டா, நாம பெருமையா ஹிந்தியிலயோ இங்கிலீஷ்லயோ பதில் சொல்லுவோம். அவன் எங்க போய்ப் பழகுவான்?

ஐரிஷுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அவங்களுக்கு அன்றாடம் பேசற ஆள் குறைவு, நமக்குக் கோடிக்கணக்குல இருக்காங்க. அதனால நாம பயந்து பயந்து ஒரு வழக்கைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. தாராளமா இருக்கலாம்.

சரி, என் கட்சி என்ன? ஒரே வரியில சொல்றேன்: வாய்க்கு ஒண்ணு, காதுக்கு எல்லாம், கண்ணுக்கு எழுத்துத் தமிழ்.

வாய்க்கு ஒண்ணு போதும். கத்துக்கிறவங்க அஞ்சு வழக்குலயும் பேச வேண்டியதில்லை. எது அந்த ஒண்ணு? யாரோட வாழப் போறாங்களோ அவங்களோடது. அம்மம்மா இருந்தா அம்மம்மாவோடது. கொங்கு நாட்டுல வாக்கப்பட்டா கொங்குத் தமிழ். அப்படி ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை, ஊரே கலப்படம்னா, குரோம்பேட்டை மாதிரி, அந்தப் பொதுப் பேச்சு. அது உசத்திங்கறதுக்காக இல்லை. அதைப் பேசினா சிரிப்பும் குறைச்சல், "என்ன?"ன்னு திருப்பிக் கேட்கறதும் குறைச்சல்.

காதுக்கு எல்லாம் வேணும். இதைத்தான் எந்தப் பாடப்புத்தகமும் சரியாச் செய்யறதில்லை. நர்ஸுக்கு "வந்துக்கிட்டு இருக்கேன்"னு சொல்லத் தெரிஞ்சாப் போதும். ஆனா ஒரு பேஷண்ட் "மூச்சு வாங்கிகினு கீது"ன்னா அது அவளுக்குப் புரிஞ்சாகணும். "லோக்கல் பாஷை"ன்னு ஒதுக்கினா நஷ்டம் அந்த பேஷண்டுக்கு. கஷ்டப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவரை முதல்ல தமிழைத் திருத்திக்கிட்டு வரச் சொல்ல முடியுமா?

கண்ணுக்கு எழுத்துத் தமிழ். தமிழாசிரியர் சொன்னது இந்த இடத்துல நூத்துக்கு நூறு சரி. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, நோட்டீஸ், அப்புறம் ரெண்டாயிர வருஷத்து இலக்கியம் எல்லாம் அதுலதான் இருக்கு. அது ஒண்ணுதான் நெல்லையையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக் கட்டற கயிறு. தவிர, பேச்சுத் தமிழுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துமுறையே கிடையாது. நம்ம பதிவர் கூட்டத்தையே எடுத்துக்குங்க. ஒருத்தர் "சொல்றேன்", இன்னொருத்தர் "சொல்லுறேன்", மூணாமவர் "சொல்லறேன்". நமக்குள்ளயே ஒத்துமை இல்லை, இதை எப்படி ஸ்பெல்லிங் டெஸ்ட் வைக்கிறது? :-)

தமிழாசிரியரோட நான் ஒத்துப் போகாத இடம் வரிசை மட்டும்தான். எழுத்துத் தமிழ் முதல்ல, பேச்சு "தானா வந்துடும்"ங்கறார். நம்ம பிள்ளைகளுக்கு அது தலைகீழாத்தானே நடந்தது? மூணு வருஷம் பேசிட்டுத்தான் பள்ளிக்கூடம் போய் அ, ஆ எழுதினோம். நமக்கு ஒரு வரிசை, வந்தவங்களுக்கு வேற வரிசையா?

இப்ப அந்த நோட்டுல பக்கத்துக்கு மூணு பத்தி கோடு போட்டிருக்கோம். முதல் பத்தி, நீ சொல்ல வேண்டியது. ரெண்டாவது, காதுல விழக் கூடியது. மூணாவது, எழுத்துல இருக்கிறது. முதல் பத்தியில ஒரே வரி, "உடம்பு சரியில்லையா?". மூணாவதுலயும் ஒரே வரி, "உடல்நலம் சரியில்லை". நடுப் பத்திதான் நீண்டுக்கிட்டே போகுது: மேலுக்கு முடியல, ஒடம்புக்கு ஆவல, வருத்தம், ஒரு மாதிரியா கீது... அண்ணாச்சி நாலு வார்த்தை கொடுத்தார். மாமி ரெண்டு கொடுத்தாங்க. கோவைக்காரர் "இருங்க, எங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்றனுங்க"ன்னு ஃபோன் போட்டார். தமிழாசிரியர், கொச்சைன்னு சொன்ன அதே மனுஷன், அவங்க பாட்டி சொன்ன வார்த்தைகளை ஒரு தாள்ல அழகான கையெழுத்துல எழுதிக் கொண்டு வந்து கொடுத்தார். மாடியில அன்னிக்கு அடிச்சுக்கிட்டவங்க எல்லாரும் ஒரே பக்கத்துல சேர்ந்துட்டாங்க.

உங்ககிட்டயும் அதைத்தான் கேட்கிறேன் மக்களே. எது ஒசந்த தமிழ்னு அடுத்த ரவுண்டு சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். உங்க ஊர்ல வயித்து வலிக்கு, தலை சுத்தலுக்கு, மூச்சுத் திணறலுக்கு, குழந்தை ஓயாம அழுதா அதுக்கு என்ன சொல்வீங்க? உங்க பாட்டி என்ன சொல்லுவாங்க? எழுதுங்க. நடுப் பத்தியில இன்னும் நிறைய இடம் இருக்கு.